போர்க்காலத்தில் தொற்றுநோய்: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

சென்ற இதழில், இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மனி கைப்பற்றியிருந்த போலந்தின் வார்சா நகரில் யூதர்களை மதிலுக்குள் அடைத்துவைத்திருந்த 'கெட்டோ' பகுதியில் பரவிய டைபஸ் காய்ச்சல், 1941-ஆம் ஆண்டின் இறுதியில் எவரும் எதிர்பாராத வகையில் தணிந்தது பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்த ஒரு பத்திக்கு வந்த கடிதங்களே இம்முறை மற்ற எல்லாக் கடிதங்களையும்விட அதிகம். ஆகவே இந்த மாதப் பக்கங்களை முழுவதும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கேள்விகளைச் சுருக்கி, கேட்டவர்களின் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: டைபஸ் என்பது டைபாய்டுதானே? எங்கள் ஊரில் சென்ற ஆண்டு 'ஸ்க்ரப் டைபஸ்' என்று சிலரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். எல்லாம் ஒன்றுதானா? (வாசகி, வேலூர்)

மூன்றும் வெவ்வேறு நோய்கள். டைபாய்டு, அசுத்தமான நீரோடும் உணவோடும் வயிற்றுக்குள் போகும் கிருமியால் வருவது. உங்கள் ஊரில் கண்ட ஸ்க்ரப் டைபஸ், புதர்களில் வாழும் மிகச் சிறிய உண்ணி ஒன்றின் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த புண் இருந்தால் மருத்துவர் உடனே இனங்கண்டுகொள்வார். போர்க்கால டைபஸோ பேனால் பரவுவது. அதுவும் தலைப்பேன் அல்ல. உடுத்திய துணியின் தையலிலும் மடிப்பிலும் ஒளிந்திருந்து, இரத்தம் குடிக்க மட்டும் உடலுக்கு வந்து போகும் பேன். தமிழில் அதற்குச் சீலைப்பேன் என்று பெயர் வைத்தவர்கள், அது குடியிருப்பது உடம்பிலா துணியிலா என்பதைத் தெளிவாகவே கவனித்திருக்கிறார்கள்.

அந்தப் பேன் கடிப்பதால் நோய் வருவதில்லை. அதன் எச்சத்தில் கிருமி இருக்கிறது; அரிப்புத் தாங்காமல் சொறியும்போது அது தோலுக்குள் இறங்குகிறது. நோயாளியின் உடல் 40 டிகிரி செல்சியஸுக்குக் கொதித்தால் பேனுக்கு அந்தச் சூடு ஒவ்வாது; நோயாளி இறந்து உடல் குளிர்ந்தால் அந்தக் குளிர்ச்சியும் ஒவ்வாது. இரண்டு நிலையிலும் அது பக்கத்தில் படுத்திருப்பவரின் துணிக்கு மாறிவிடும். இதைக் கண்டறிந்தவர் துனிஸ் நகரில் பணியாற்றிய ஷார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர். நோயாளியின் உடைகளைக் களைந்து குளிப்பாட்டி வார்டுக்குள் அனுப்பிய பிறகு அவரிடமிருந்து யாருக்கும் நோய் தொற்றவில்லை என்பதையும், வாசலில் அந்த உடைகளை வாங்கி வைத்தவர்களுக்குத் தொற்றியது என்பதையும் அவர் கவனித்தார். 1909-இல் பேன்தான் காரணம் என்று சோதனை மூலம் நிறுவினார்; 1928-இல் நோபல் பரிசு பெற்றார். கிருமியின் அறிவியல் பெயரில் ரிக்கெட்ஸ், புரோவாசெக் என்ற இரண்டு ஆய்வாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. இருவரும் டைபஸை ஆராயும்போது அதே நோய் தொற்றி இறந்தவர்கள்.

இன்று டாக்சிசைக்ளின் மாத்திரை இதைக் குணப்படுத்திவிடும். 1941-இல் அந்த மருந்து உலகில் எங்குமே இல்லை.

கேள்வி: மருந்து இல்லை, உணவு இல்லை, சோப்பு இல்லை. பிறகு எப்படி அந்த நோய் தணிந்தது? அதிசயம் என்று சொல்லிக் கடந்துபோக மனம் ஒப்பவில்லை. (வாசகர், மதுரை)

எனக்கும் ஒப்பவில்லை என்பதால்தான் அந்தப் பத்தியையே எழுதினேன்.

கெட்டோவின் வாயில்கள் 1940 நவம்பர் 16 அன்று அடைக்கப்பட்டன. ஏறத்தாழ 3.4 சதுர கிலோமீட்டர் பரப்பில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். சராசரியாக ஓர் அறைக்கு ஏழு பேருக்கு மேல். நாளொன்றுக்குக் கிடைத்த பங்கீட்டு உணவு 200 கலோரிக்கும் குறைவு, அதாவது நாள் முழுவதற்கும் மூன்று இட்லி. கள்ளத்தனமாக மதிலைத் தாண்டி வந்த உணவு மட்டும் இல்லையென்றால் அத்தனை பேரும் சில மாதங்களில் இறந்திருப்பார்கள். இவ்வளவுக்கும், அந்த மதிலை எழுப்பியதற்கு ஜெர்மானிய நிர்வாகம் காட்டிய காரணமே தொற்றுநோய்தான். 'யூதர், பேன், டைபஸ்' என்ற சொற்களோடு போலந்தின் தெருக்களில் சுவரொட்டிகள் ஒட்டினார்கள். நோயைச் சாக்காகச் சொல்லி மக்களை அடைத்தார்கள். அடைத்ததாலேயே நோய் பெருகியது. பெருகிய நோயைக் காட்டி, பார்த்தீர்களா என்று கேட்டார்கள். மருத்துவத்தின் பெயரால் செய்யப்பட்ட பொய்களில் இதைவிடக் கொடியதை நான் அறியேன்.

உள்ளே இருந்தவர்களிடம் ஒன்று மட்டும் மிகுந்திருந்தது: படித்த மருத்துவர்களும் செவிலியர்களும். அவர்களில் ஒருவர் லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட். இரத்த வகைகள் பரம்பரையாக வருபவை என்பதை நிறுவியவர்களில் ஒருவர். உலகப் புகழ் பெற்ற கிருமியியல் அறிஞர். கத்தோலிக்க சமயத்தைத் தழுவியிருந்தும், பிறப்பால் யூதர் என்பதால் 1941-இல் மனைவியோடும் மகளோடும் கெட்டோவுக்குள் தள்ளப்பட்டார். அங்கே சுகாதார மன்றத்துக்குத் தலைமை ஏற்றார். யூலியுஷ் ஸ்வைபாம் என்ற மற்றொரு மருத்துவப் பேராசிரியர், 'தொற்றுநோய்த் தடுப்புப் பயிற்சி வகுப்பு' நடத்துவதாகச் சொல்லி ஜெர்மானியரிடம் அனுமதி வாங்கினார். 1941 மே மாதம் தொடங்கிய அந்த வகுப்பு உண்மையில் ஒரு மறைமுக மருத்துவக் கல்லூரி; சுமார் 500 மாணவர்கள் அதில் படித்தார்கள். ஆனால் பெயர் வெறும் பொய்யும் அல்ல, ஏனென்றால் அந்த மாணவர்கள் தொற்றுநோயைத் தடுக்கவும் செய்தார்கள். சீலைப்பேன் எங்கே முட்டையிடும், துணியை எப்படிப் பார்க்க வேண்டும், காய்ச்சல் கண்டவரை நெருக்கடியான அறைக்குள் எவ்வாறு விலக்கி வைப்பது என்பவை பொதுச் சொற்பொழிவுகளாகச் சொல்லப்பட்டன.

இவற்றைவிட முக்கியமானவை என்று நான் கருதுவது வீட்டுக் குழுக்களை. வார்சாவின் குடியிருப்புகள் நடுவில் முற்றம் வைத்து நாற்புறமும் மாடிகள் எழுப்பியவை. நம் ஊர் ஒண்டுக்குடித்தனங்களைப் பெரிதாக்கி நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முற்றத்துக்கும் குடியிருப்போர் தாங்களே ஒரு குழுவை அமைத்துக்கொண்டார்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யாருக்குச் சூப்பு போக வேண்டும், எந்தக் குழந்தை இரண்டு நாளாக வெளியே வரவில்லை, படிக்கட்டும் கழிவறையும் யார் முறையில் கழுவப்படுகின்றன என்பதையெல்லாம் அந்தக் குழுவே கவனித்தது. பேன் ஒழிப்புக்கு வேண்டிய துல்லியமான தகவல், அதாவது எந்த அறையில் யாருக்குக் காய்ச்சல் என்பது, எந்த அலுவலகத்துக்கும் தெரியாதபோது இந்தக் குழுக்களுக்குத் தெரிந்திருந்தது.

2020-இல் வெளியான கணித மாதிரி ஆய்வு ஒன்று, கெட்டோவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு டைபஸ் வந்திருக்கும் என்று மதிப்பிட்டது. 1941 அக்டோபர் இறுதியில் நோய் திடீரென்று சரியத் தொடங்கியதையும் அது சுட்டியது. குளிர்காலத்தில் மக்கள் துணிமேல் துணி உடுத்துவார்கள், குளிக்க மாட்டார்கள். டைபஸ் ஏற வேண்டிய பருவம் அது. இறங்கியிருக்கிறது. பெரும்பான்மையோருக்கு இன்னும் நோய் வந்திராத நிலையில், தொற்றுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. மக்களின் கூட்டு முயற்சி இல்லாதிருந்தால் பாதிப்பு இரண்டு மூன்று மடங்காகியிருக்கும் என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. கணித மாதிரி எதையும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவிவிடாது. ஆயினும் பல ஆண்டுகள் களப்பணி செய்தவன் என்ற முறையில், இந்த விளக்கம் எனக்கு நம்பத்தக்கதாகவே படுகிறது.

1942 ஜூலை 22 அன்று நாடுகடத்தல் தொடங்கியது. செப்டம்பர் 21-க்குள் சுமார் 2,65,000 பேர் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். டைபஸிலிருந்து தப்பவைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அவ்வாறே இறந்தார்கள். இதைச் சொல்லாமல் மேலே எழுதியதை மட்டும் வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கேள்வி: நோயாளிகளைக் குடும்பத்தார் மறைத்துவைத்தார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நோயை மறைப்பது ஊருக்கே செய்யும் துரோகமல்லவா? அதை ஏன் கண்டிக்கவில்லை? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, அவர்கள் ஏன் மறைத்தார்கள் என்பதைப் பாருங்கள். ஒரு வீட்டில் டைபஸ் என்று பதிவானால் கட்டடம் முழுவதும் அடைக்கப்படும். குடியிருப்போர் அனைவரையும் பொதுக் குளியலறைக்கு இழுத்துச் செல்வார்கள். கடுங்குளிரில், உடையின்றி, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவர்களுடைய துணிகளும் படுக்கைகளும் நீராவி அறைக்குள் போகும். நனைந்து கிழிந்து திரும்பும், அல்லது திரும்பாது. அளவுக்கு மீறித் திணிக்கப்பட்ட அந்த அறைகளில் பேன் சாகவும் இல்லை. வரிசையில் நெருக்கியடித்து நின்றபோது, பேனில்லாதவர்கள் மேலும் அது ஏறியது. பிறகு கட்டடத்துக்குப் பூட்டு. அன்றாடம் எதையாவது விற்று உண்டவர்கள் உள்ளேயே பட்டினி. பணம் இருந்தவர்கள் கையூட்டுக் கொடுத்துத் தப்பினார்கள். இப்படி இருக்க, எந்தத் தாய் தன் மகனுக்குக் காய்ச்சல் என்று வெளியே சொல்வாள்? பதிவான நோயாளிகளைப் போலப் பல மடங்கினர் பதிவாகாமல் இருந்ததற்கு இதுவே காரணம். மருத்துவர்களும் வீட்டுக்கே இரகசியமாகச் சென்று பார்த்தார்கள். பலர் பதிவு செய்யவில்லை. அவர்களை நான் கண்டிக்க மாட்டேன்.

இதை நூலிலிருந்து மட்டும் கற்றுக்கொண்டு எழுதவில்லை. நான் பணியில் சேர்ந்த புதிதில், கடலோரக் கிராமம் ஒன்றில் காலரா என்று தகவல் வந்தது. பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, துணைக்கு இரண்டு காவலர்களையும் அழைத்துக்கொண்டு ஜீப்பில் போய் இறங்கினேன். தெருவே பூட்டிக் கிடந்தது. ஒரு நோயாளிகூட இல்லை என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். மறுநாள் காலை கிராம சுகாதார செவிலியர் தனியாக நடந்து போனார். முன்பு அந்தத் தெருவில் பல பிரசவங்களைப் பார்த்தவர். ஒரு பாட்டி அவர் கையைப் பிடித்து, வலைகள் குவித்துவைத்திருந்த கொட்டகைக்குப் பின்னால் அழைத்துச் சென்றார். அங்கே கிழிந்த பாயில் அந்தப் பாட்டியின் பேரன் கிடந்தான். நாள் முழுவதும் துணி துவைத்தவர் கைபோல அவனுடைய விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான். மறைத்தது பாட்டி, மறைக்க வைத்தது நான் அழைத்துப் போன காவலர்கள். அன்றிலிருந்து எந்த ஊருக்கும் காவலரோடு போகவில்லை.

அது அமைதிக் காலத்தில், நம் சொந்த அரசின் கீழ் நடந்தது. துப்பாக்கியோடு வரும் அந்நியப் படை சொன்னால் மக்கள் எப்படி நம்புவார்கள்?

கேள்வி: துணியை வெந்நீரில் போட்டு எடுத்தால் பேன் சாகாதா? நீராவி அறையெல்லாம் எதற்கு? (வாசகி, சேலம்)

சாகும், ஈரும் சேர்ந்து சாகும். ஆனால் போர்க்காலத்தில் அவ்வளவு விறகும் தண்ணீரும் கிடைக்காது. உடுத்தியதைத் தவிர மாற்றுத் துணியும் இராது. கனத்த கம்பளி உடை குளிரில் உலர நாள்கணக்காகும்.

இதற்கு மிக எளிய ஒரு வழி 1915-இல் செர்பியாவில் பரவலாயிற்று. முதல் உலகப் போர் தொடங்கிய சில மாதங்களில் அங்கே டைபஸால் சுமார் ஒன்றரை லட்சம் பேர் இறந்தார்கள். நாட்டில் இருந்த ஏறத்தாழ 400 மருத்துவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உதவிக்குச் சென்ற பிரிட்டிஷ் மருத்துவக் குழு, ஊருக்கு ஊர் கிடைத்த மதுப் பீப்பாய்களை எடுத்து, அடியில் துளையிட்டு, கொதிக்கும் அண்டாவின் மேல் கவிழாமல் நிறுத்தியது. உள்ளே துணிகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, கனமான மூடியால் மூடி, நீராவியில் வேகவைத்தார்கள். இட்லிக் கொப்பரையின் தத்துவமேதான். துணி தண்ணீரில் முங்காததால் ஓரளவு உலர்ந்தே வெளிவரும். உதறி உடனே உடுத்திக்கொள்ளலாம். எந்தக் கொல்லனும் தச்சனும் செய்துவிடக்கூடிய அந்தப் பொருளுக்குச் 'செர்பியப் பீப்பாய்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வார்சாவின் ஹிர்ஷ்ஃபெல்டும் அவர் மனைவியும் 1915-இல் செர்பியாவுக்குத் தொண்டாற்றப் போனவர்கள்தாம். கெட்டோவின் நீராவி அறைகளில் நடந்த கொடுமையைப் பார்த்து அவர் ஏன் அவ்வளவு கொதித்தார் என்பது இதிலிருந்து விளங்கும்: முறையாகச் செய்தால் பேன் சாகும் என்பதைக் கண்ணால் கண்டவர் அவர்.

1943-44 குளிர்காலத்தில் நேப்பிள்ஸ் நகரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மீது, உடையைக் களையாமலேயே கழுத்துப் பட்டியிலும் கைமடிப்பிலும் குழல் வைத்து டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லித் தூளைத் தூவி டைபஸை அடக்கினார்கள். ஆனால் கொரியப் போரின்போதே அந்தத் தூளுக்குச் சாகாத பேன்கள் தோன்றிவிட்டன.

கேள்வி: 1971-இல் வங்கதேச அகதிகள் வந்தபோது நான் இங்கே சிறுவன். எல்லையோர ஊரான போன்கான் பக்கம் காலரா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. அங்கே என்ன நடந்தது? (தமிழ் வாசகர், கொல்கத்தா)

உலகம் முழுவதும் இன்று தாய்மார்கள் கையாளும் ஒரு மருந்து, உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனைத் தரையில் தன் தகுதியை நிலைநாட்டியது.

அந்த ஆண்டு சுமார் ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். மழைக்காலம் தொடங்கியதும் முகாம்களில் காலரா வெடித்தது. கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் பணியாற்றிய திலீப் மஹாலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் போன்கான் மருத்துவமனைக்குப் போனார். இரண்டு அறைகள், தரையெங்கும் நோயாளிகள். சலைன் ஏற்ற வேண்டுமென்றால் மலத்திலும் வாந்தியிலும் முழங்காலிட்டு அமர வேண்டிய நிலை. கடுமையான காலராவில் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழப்பார். அதை ஈடுகட்டும் சலைன் பாட்டில்கள் சில நாள்களில் தீர்ந்துபோயின. சலைன் ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை.

குடல் சோடியத்தை உறிஞ்ச முடியாமல் தவிக்கும் காலராவிலும், குளுக்கோஸ் கூடச் சேர்ந்தால் உறிஞ்சிக்கொள்கிறது என்பதை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே டாக்காவிலும் கல்கத்தாவிலும் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் அந்தக் கரைசலைப் பயிற்சி பெற்றவர்கள், அளந்து, மருத்துவமனைக்குள்தான் தர வேண்டும் என்பது அக்காலத்து அறிஞர்களின் கருத்து. மஹாலனாபிஸ் அதை மீறினார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கல்கத்தாவில் நிறுத்து, பாலித்தீன் உறைகளில் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் உறையின் வாயை ஒட்டினார்கள். போன்கானில் அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வைத்த டிரம்களில் நிரப்பி, 'ஓரல் சலைன்' என்று எழுதி வைத்தார்கள். சலைன் என்றால் ஊசி வழி ஏற்றும் வலுவான மருந்து என்ற எண்ணம் மக்களுக்கு இருந்தது. பெயரைக் கேட்டதும் வாயால் குடிப்பதையும் நம்பினார்கள். குவளையோடு வந்து பிடித்துப்போய், தாய் மகனுக்கும் கணவன் மனைவிக்கும் அண்ணன் தங்கைக்கும் ஊட்டினார்கள். எவ்வளவு கொடுப்பது? தாகம் அடங்கும் வரை. அவ்வளவே கட்டளை.

சுமார் 3,700 பேர் அங்கே சிகிச்சை பெற்றார்கள். பழைய நிலையில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. அளக்கத் தெரியாத, எழுதப் படிக்கத் தெரியாத, நேற்றுவரை ஓடிவந்துகொண்டிருந்த மனிதர்கள் செய்த வேலை அது. செவிலியர் பற்றாக்குறையைத் தீர்க்க வேறு எங்கும் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டிலும் ஒருவர் ஏற்கெனவே அமர்ந்திருந்தார். மஹாலனாபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. அவர் வாழ்ந்திருந்தபோதே அதைச் செய்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கேள்வி: 1994-இல் ருவாண்டா அகதிகளின் முகாம்களில் சாலையோரம் பாயில் சுற்றிக் கிடத்தியிருந்த உடல்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிணங்களிலிருந்துதானே காலரா பரவியது? (வாசகர், திருச்சி)

இல்லை. அந்த அகதிகள் தஞ்சம் புகுந்த, இன்றைய காங்கோ நாட்டின் எல்லையோரக் கோமா நகரைச் சுற்றியிருந்த நிலம் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. புதைகுழியும் தோண்ட முடியவில்லை, கழிப்பிடக் குழியும் தோண்ட முடியவில்லை. உயிரைப் பறித்தது இரண்டாவது. சில நாள்களில் லட்சக்கணக்கானோர் வந்து குவிந்து, கீவு ஏரியின் நீரை அப்படியே குடித்தார்கள். முதல் வாரத்தில் சுத்திகரித்த நீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு தம்ளர் அளவே, அதாவது சுமார் 200 மில்லிலிட்டரே, கிடைத்தது. முதல் மாதத்தில் சுமார் 50,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மருத்துவக் கூடாரம் வரை வராமலேயே இறந்தவர்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் போன்கானில் தன் தகுதியை நிலைநாட்டி இருபது ஆண்டுகளுக்கு மேலான பிறகு இது நடந்தது. பொட்டலம் இருந்தது, கரைக்க நீர் இல்லை, கூடாரம் கூடாரமாகப் போய்ப் பார்ப்பவரும் தொடக்கத்தில் இல்லை. பிணத்தைத் தொடுபவர் கைகழுவ வேண்டும், நீர்நிலைக்கு அருகே புதைக்கக் கூடாது. அதற்கு மேல் அச்சம் வேண்டாம். உடல்களை அவசரமாக எரிப்பதில் செலவாகும் உழைப்பைத் தண்ணீருக்குக் குளோரின் போடுவதில் செலவிட்டால் உயிர்கள் பிழைக்கும்.

கேள்வி: போலியான டைபஸ் தொற்றை உருவாக்கி ஜெர்மானியரை ஏமாற்றிய மருத்துவர்கள் பற்றி வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? (வாசகி, கோயம்புத்தூர்)

அடிப்படை உண்மை. போலந்தின் ரோஸ்வாடூவ் பகுதியில் யூஜெனியுஷ் வாசோவ்ஸ்கி, ஸ்தனிஸ்வாவ் மத்துலேவிச் என்ற மருத்துவர்கள், உயிரற்ற புரோட்டியஸ் என்ற தீங்கற்ற கிருமியை ஊசியாகப் போட்டால், அக்கால இரத்தப் பரிசோதனை டைபஸ் என்று தவறாகக் காட்டும் என்பதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஜெர்மானிய ஆய்வகங்களே டைபஸ் என்று உறுதி செய்தன, பகுதி தனிமைப்படுத்தப்பட்டது, கட்டாய வேலைக்கு ஆள் பிடிக்கப் படையினர் வர அஞ்சினார்கள். ஆனால் 8,000 யூதர்கள் காப்பாற்றப்பட்டதாகச் சுற்றும் செய்தியை நான் ஏற்கவில்லை. ஒரு யூதருக்கு டைபஸ் என்று தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்பதால் ஊசி போடப்பட்டவர்கள் யூதர் அல்லாத கிராமத்தினர். பயன் பெற்றவர்களும் பெரும்பாலும் அவர்களே. அந்த மருத்துவர்களின் துணிவுக்கு மிகைப்படுத்திய எண் எதுவும் தேவையில்லை.

கேள்வி: போர் நடந்த ஆண்டுகளிலும் எங்கள் பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து தவறாமல் கிடைத்தது. இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. வேறு நாடுகளிலும் இப்படி நடந்திருக்கிறதா? (வாசகி, யாழ்ப்பாணம்)

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். 1985-இல் எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது, யுனிசெஃப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இடைநின்று, அரசும் கிளர்ச்சியாளரும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக மூன்று நாள் சண்டையை நிறுத்த இசைந்தார்கள். போர் முடியும் வரை ஆண்டுதோறும் அது தொடர்ந்தது. 'அமைதி நாள்கள்' என்ற பெயரில் அந்த வழக்கம் வேறு நாடுகளுக்கும் பரவியது. இலங்கையில் 1995-இல் தேசியத் தடுப்பு மருந்து நாள்கள் தொடங்கியபோது, வடக்கிலும் கிழக்கிலும் இரு தரப்பும் அவற்றுக்கு இடம் கொடுத்தன. நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 1993-இல் பதிவானவர். அதன் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் போர் நடந்தும் அந்த நோய் திரும்பவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களை வரலாறு குறித்துவைக்கும். குளிர்ப்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போன குடும்ப நல மருத்துவ மாதுக்களையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும் உங்களைப் போன்றவர்கள்தாம் எழுதிவைக்க வேண்டும். அவர்களில் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள்; இந்தப் பக்கங்களில் இடம் தருகிறேன்.

மிக அண்மைய எடுத்துக்காட்டு காசா. 25 ஆண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த அந்த நிலத்தில், 2024 ஜூலையில் கழிவுநீரில் கிருமி கண்டறியப்பட்டது. ஆகஸ்டில், டெய்ர் அல்-பலாவில் பத்து மாதக் குழந்தை ஒன்றின் கால் செயலிழந்தது உறுதியானது. போர் தொடங்கியதிலிருந்து வழக்கமான தடுப்பூசிப் பணி குலைந்திருந்தது. சாக்கடைநீர் கூடாரங்களுக்கு இடையே ஓடியது. செப்டம்பர் 1 முதல் 12 வரை, நடுப்பகுதி, தெற்கு, வடக்கு என்று பிரித்து, அந்தந்தப் பகுதியில் பகலில் சில மணி நேரம் மட்டும் சண்டை நிறுத்தப்பட்டது. அதற்குள் பத்து வயதுக்குட்பட்ட சுமார் 5,60,000 குழந்தைகளின் வாயில் சொட்டு மருந்து விழுந்தது. மருந்து கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே கூடாரங்களில் வசித்தவர்கள், தங்கள் வீட்டையும் இழந்தவர்கள். இரண்டாவது தவணைக்கு வடக்கில் குண்டுவீச்சால் இடையூறு ஏற்பட்டது; அது நவம்பர் வரை தள்ளிப்போயிற்று. 2025 பிப்ரவரியில் மீண்டும் ஒரு சுற்று நடந்து, ஏறத்தாழ 6 லட்சம் குழந்தைகளுக்கு மருந்து கிடைத்தது. மருந்து பெற்ற ஒவ்வொரு குழந்தையின் விரலிலும் பேனா மையால் அடையாளம் வைத்தார்கள். உங்கள் பிள்ளைகளின் சுண்டுவிரலிலும் அந்த மை இருந்திருக்கும்.